மேய்ச்சல் மாடும் கனியுப்பும்: ஹங்வெல்லப் பட்டியில் கற்றவை

2016 நவம்பரில் ஒரு காலைப் பொழுது, ஹங்வெல்லவில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தென்னந்தோட்டத்தில், மூன்று வயது நாம்பன் ஒன்று முழங்கால் ஆழம்கூட இல்லாத வடிகானில் இறங்கும்போது முன்னங்கால் முறிந்து விழுந்தது. யாரும் அதை விரட்டவில்லை. வேறு மாடு முட்டவும் இல்லை. கால்நடை வைத்தியர் வந்து பார்த்து, இனித் தேறாது என்று எழுதிக் கொடுத்த பின்னர், அது முறைப்படி அறுக்கப்பட்டது. கொலன்னாவையில் முப்பது வருடங்களாக இறைச்சி வெட்டும் தொழிலில் இருக்கும் என் நானா, விலா எலும்பு ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, "தம்பி, இத வளைச்சுப் பாரு. கத்திக்கு இது எலும்பாவே தெரியல்ல, குருத்து மாதிரி போகுது. இந்த மாடு புல் திண்டு வளந்ததா, தண்ணி குடிச்சு வளந்ததா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் வாப்பாவின் காலம் வரையில் மாடு வாங்கி விற்பதுதான் தொழில், வளர்ப்பது அல்ல. மட்டக்களப்பிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் லொறியில் வரும் மாடுகளின் முதுகையும் தொடையையும் தடவிப் பார்த்தே விலை பேசிப் பழகியவர்கள் நாங்கள். 2015இல்தான் நாமே சிறிய நாம்பன்களை வாங்கி மேய்த்துப் பெருக்கலாம் என்று எண்ணி, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், களனி கங்கைக்குச் சற்று உள்ளே, 11 ஏக்கர் தென்னந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். கன்றுகள் நீங்கலாக 20 உருப்படிகள். அவற்றில் எட்டுப் பசுக்கள், மீதி நாம்பன்கள். தென்னைகளுக்கு இடையே பிரக்கேரியாப் புல்லும் கினிப் புல்லும் இடுப்பளவு நின்றன. அந்தப் பக்கத்தில் ஆண்டு மழைவீழ்ச்சி 3000 மில்லிமீற்றரைத் தாண்டும் என்பதால் புல் காய்ந்து போகும் என்ற பயமே இருக்கவில்லை. வரண்ட பிரதேச மாடுகள் கோடையில் படும் பாட்டைக் கண்டு வளர்ந்த எனக்கு, இவ்வளவு பச்சைக்குள் நிற்கும் மாட்டுக்கு எந்தக் குறையும் வராது என்ற நம்பிக்கை உறுதியாக இருந்தது. அந்த நம்பிக்கைதான் ஒரு வருடத்துக்கு மேலாக என் கண்ணை மறைத்தது.

மாடுகள் அதற்கு முன்னரே தம் குறையைக் காட்டத் தொடங்கிவிட்டன. கறுப்பு நாம்பன்களின் மயிர் துருவேறிய தகரத்தின் நிறத்துக்கு மாறியது. இரண்டுக்குக் கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் விழுந்தது. ஒன்று சிறுநீர் கழித்தால் இன்னொன்று ஓடிவந்து அந்த மண்ணை நக்கியது. மாடு பார்க்கும் பெரியவர், அவிசாவளைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர், கழற்றி வைத்த வியர்வை ஊறிய சட்டையை ஒரு பசு மென்று தின்றுவிட்டது. சில பசுக்கள் சிரட்டையையும் காய்ந்த கொம்பையும் வாயில் வைத்து மணிக்கணக்காக மென்றுகொண்டு நின்றன. கன்று ஈன்று எட்டு மாதம் கடந்தும் ஐந்து பசுக்கள் சினைக்கு வரவில்லை. பெரியவர் முதல் மாதத்திலேயே சொன்னார்: "அதுங்க உப்பு கேக்குதுங்க மொதலாளி. வாயில்லாத சீவன், வேற எப்படிக் கேக்கும்?" நான் அதை ஒரு பழைய நம்பிக்கையாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னதில் பாதி அப்படியே உண்மை. மாட்டின் உடல் தேடிப் போய்ச் சரியான பொருளைத் தின்னும் அறிவைச் சோடியத்துக்கு மட்டுமே தெளிவாகக் கொண்டிருக்கிறது. சாதாரண உப்பில் இருப்பது அதுதான். சிறுநீரை நக்குவதும் வியர்வைத் துணியை மெல்லுவதும் சோடியப் பசியின் நேரடி அடையாளங்கள். செம்பு குறைந்த மாடு செம்பைத் தேடிப் போவதில்லை. பொஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பையும் கட்டையையும் மெல்லும் என்றாலும், பொஸ்பரஸ் கலந்த கலவையையும் உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உப்பைத்தான் முதலில் நக்கும். மாட்டுக்குத் தனக்கு வேண்டியது தெரியும், எல்லாவற்றையும் வைத்துவிட்டால் அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி இருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்த எண்ணத்தை விட்டுவிடுமாறு உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நான் செய்தது, கடையில் நல்ல சிவப்பு நிறத்தில் விற்ற நக்குக் கட்டிகள் ஆறு வாங்கிக் கட்டித் தூக்கியது. சிவப்பு என்பது இரத்தத்துக்கு நல்லது என்று விற்றவரும் சொன்னார், நானும் நம்பினேன். மாடுகள் ஆவலாக நக்கின. இரண்டு கிழமையில் சிறுநீர் நக்குவது நின்றது. மயிரின் நிறமோ பசுக்களின் நிலையோ மாறவில்லை. பிறகு வைத்தியர் அந்தக் கட்டியின் உறையை வாங்கிப் படித்தபோதுதான் அதில் பெரும்பகுதி வெறும் உப்பு என்பதும், பொஸ்பரஸ் இல்லவே இல்லை என்பதும், அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம் என்பதும் தெரிந்தது. எங்கள் மண்ணில் இரும்புக்குக் குறைவே இல்லை. உறையில் பொஸ்பரஸ் எத்தனை வீதம், செம்பு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடப்படாத எதையும் அதன் பின்னர் நான் வாங்கியதில்லை.

நாம்பனின் கால் முறிந்த அன்று வைத்தியர் அம்மா சொன்ன முதல் விடயம், மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் கனியுப்புக் குறை, அதாவது சோடியம், பொஸ்பரஸ், செம்பு போன்ற தாதுச் சத்துகளின் குறை, என்று முடிவு கட்டக் கூடாது என்பது. குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, தீனி போதாமை ஆகிய மூன்றுமே மயிர் வெளிறுதல், இரத்தசோகை, மெலிவு, சினைக்கு வராமை என்ற அதே முகத்தைத்தான் காட்டும். எனவே முதலில் சாணத்தைப் பரிசோதித்துப் புழுவுக்கு மருந்து கொடுத்தோம். அதன் பின்னரும் குறை நின்றதால்தான் அடுத்த படிக்குப் போனோம். இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். ஈரல் தன்னிடமுள்ள செம்பைக் கொடுத்துக் கொடுத்து இரத்தத்தின் அளவைக் காப்பாற்றி வைத்திருக்கும், ஈரல் வெறுமையாகிய பின்னர்தான் இரத்தத்தில் குறை தெரியும், ஆகவே இரத்தம் காட்டும்போது காலம் கடந்திருக்கும் என்று விளக்கிவிட்டு, அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் இறைச்சித் தொழிலில் இருப்பவர்கள்தானே? ஈரல் உங்களிடம் கிழமைக்குக் கிழமை இருக்கிறதே, ஏன் அதைப் பயன்படுத்தவில்லை?"

பால் மாடு வளர்ப்பவரிடம் இல்லாத ஒரு வசதி நம்மைப் போன்றவர்களிடம் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. அந்த நாம்பனின் ஈரலிலும், அடுத்த மாதம் அறுக்கப்பட்ட இன்னொன்றின் ஈரலிலும் சிறு துண்டு வெட்டி, தனித்தனிப் பையில் இட்டு, உறையவைத்து அனுப்பினோம். உலர் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருந்தால் கவலையில்லை; எங்களுடைய இரண்டும் 20ஐ ஒட்டியே இருந்தன. விலா எலும்பின் வெளிச்சுவர் மெலிந்திருந்ததை வைத்து, பொஸ்பரஸும் நெடுநாள் போதாமல் இருந்திருக்கிறது என்று வைத்தியர் முடிவு செய்தார். நானா கத்தியில் உணர்ந்ததை அவர் அளவுகோலில் அளந்தார்.

மழை அதிகமான இடத்தில் ஏன் இப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈரவலயத்தில் மாடு வளர்க்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். நூற்றாண்டுகளாகப் பெய்த கனமழை, சோடியத்தையும் கல்சியத்தையும் மண்ணிலிருந்து கழுவிக் கொண்டுபோய்விட்டது. மண் அமிலத்தன்மை அடைந்துவிட்டது. அத்தகைய செம்மண்ணில் இருக்கும் பொஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர்களுக்கு அது எளிதில் எட்டாது. இதற்கு மேல், புல் முற்ற முற்ற அதிலுள்ள பொஸ்பரஸின் வீதம் குறைந்துகொண்டே போகும். நான் பெருமையோடு பார்த்த இடுப்பளவுப் புல், உண்மையில் பூத்து முற்றிய புல். இன்னுமொன்று என் எண்ணத்துக்கு நேர் எதிரானது: கோடையில் மாடு மெலியும்போது அதற்கு முதலில் குறைவது புரதமும் சக்தியும்; அந்த நேரத்தில் பொஸ்பரஸ் மட்டும் கொடுத்தால் பெரிதாகப் பயன் தெரியாது. புல் செழித்து மாடு வேகமாக வளரும் காலத்தில்தான் எலும்பும் தசையும் பொஸ்பரஸைக் கேட்கும். ஆகவே பச்சைக் காலத்தில்தான் கனியுப்புக் கலவை அதிகம் தேவை.

செம்பின் கதையில் களனி கங்கைக்கும் பங்கு உண்டு. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. ஹங்வெல்லத் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பின் புல்லெல்லாம் சேற்றுப் படலம் பூசி நின்றது. நாங்கள் வீட்டைக் கழுவுவதில் இருந்ததால், மாடுகள் அந்தப் புல்லைத்தான் இரண்டு மாதம் தின்றன. அந்தச் சேற்றில் இரும்பு மிகுதி; தாழ்நிலத்து வடிகானில் தேங்கும் நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கும் துருப்படலத்தைப் பார்த்தாலே தெரியும். அளவுக்கு மீறிய இரும்பு, மாட்டின் வயிற்றில் செம்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. மொலிப்தனமும் கந்தகமும் சேர்ந்து அதையே இன்னும் கடுமையாகச் செய்யக் கூடியவை. புல்லில் செம்பு இருப்பது வேறு, மாட்டுக்கு அது கிடைப்பது வேறு என்ற வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது இதுதான். இப்போது வெள்ளம் வடிந்தால், ஒரு மழை பெய்து புல் கழுவப்படும் வரையிலோ, அல்லது அந்தப் புல்லை வெட்டி அகற்றிப் புதுத் தளிர் வரும் வரையிலோ, தாழ்ந்த பகுதிக்குள் மாட்டை விடுவதில்லை. பரிசோதனைக்குப் புல் எடுக்கும்போதும், அரிவாளால் அடியோடு அரியாமல், மாடு கடிக்கும் உயரத்தில், மாடு கடிக்கும் பகுதியை மட்டும் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். மண் ஒட்டிய புல் பொய்யான கணக்கைக் காட்டும்.

பொஸ்பரஸ் வேண்டும் என்றதும் என் மனம் உடனே எலும்பின் பக்கம் போனது, ஏனென்றால் எங்கள் தொழிலில் எலும்புக்குப் பஞ்சமில்லை. வாப்பாவின் காலத்தில் எலும்பைச் சுட்டு இடித்து உப்போடு சேர்த்து வைத்ததைக் கண்டிருக்கிறேன். 1920களில் தென்னாப்பிரிக்காவில் ஆர்னோல்ட் தெய்லர் என்ற கால்நடை விஞ்ஞானி, பொஸ்பரஸ் இல்லாத புல்வெளியில் மேய்ந்த மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தின்று, அதிலிருந்த பொட்டுலிசம் என்ற நச்சுநோயால் கூட்டமாக இறந்ததைக் கண்டறிந்து, சுத்தமான எலும்புத்தூள் கொடுத்ததும் இரண்டு துன்பமும் சேர்ந்தே நீங்கியதை நிறுவினார் என்று வைத்தியர் சொன்னபோது, என் யோசனைக்குச் சான்று கிடைத்ததாகவே நினைத்தேன். ஆனால் அவர் அதைச் சொன்னது என்னைத் தடுப்பதற்காக. வீட்டில் இடித்த எலும்பு சரியாக வெந்ததா, கிருமி அழிந்ததா என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. பிரித்தானியாவில் மாட்டுக்கு இறைச்சி எலும்புத்தூள் கொடுத்ததனால் பரவிய மூளை நோய்க்குப் பின், 1988இல் அங்கே அசைபோடும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மாட்டிலிருந்து வந்ததை மாட்டுக்குக் கொடுக்கும் வேலையே வேண்டாம் என்றார். உழ்ஹிய்யாக் காலத்தில், அதாவது ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக் காலத்தில், தோட்டத்து ஓரத்தில் எறியப்படும் எலும்புகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கும் வழக்கத்தை அன்றே தொடங்கினோம்.

எலும்பை விட்டதும் நண்பர் ஒருவர் எப்பாவலப் பொஸ்பேட்டைச் சொன்னார். நமது நாட்டிலேயே தோண்டி எடுப்பது, மலிவு, தென்னைக்கும் தேயிலைக்கும் போடுவது, மாட்டுக்கு ஏன் ஆகாது என்பது அவர் கேள்வி. பசளைக்கான அந்தக் கற்பொடியில் புளோரின் கலந்திருக்கிறது. புளோரின் நீக்கப்படாத கற்பொடியை மாதக்கணக்கில் தின்றால் பற்கள் தேய்ந்து, எலும்பு தடித்து, மாடு நொண்டத் தொடங்கும். நோய்க்கு மருந்தாக வேறொரு நோயை வாங்கும் செயல் அது. மாட்டுக்குரிய தரத்தில், தீனிப்பொருள் கடைகளில் டி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும் டைகல்சியம் பொஸ்பேட்டைத்தான் வாங்க வேண்டும். அதில் பொஸ்பரஸ் ஏறத்தாழ 18 வீதம், கல்சியம் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

கலவையின் கணக்கை வைத்தியர் ஒரு கடதாசியில் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எந்தப் பையையும் மதிப்பிடலாம் என்பதால் அதை இங்கே தருகிறேன். 250 கிலோ நாம்பன் ஒரு நாளில் உலர்நிலைக் கணக்கில் 6 கிலோ புல் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தீனியில் 0.2 வீதமாவது பொஸ்பரஸ் வேண்டும் என்றால், தேவை 12 கிராம். புல்லில் இருப்பது 0.15 வீதம் என்றால் கிடைப்பது 9 கிராம். குறை 3 கிராம். கலவையில் 40 வீதம் டி.சி.பி. இருந்து, மாடு நாளொன்றுக்கு 50 கிராம் கலவை தின்றால், 20 கிராம் டி.சி.பி. வயிற்றுக்குள் போகிறது, அதில் பொஸ்பரஸ் 3.6 கிராம். குறை அடைபடுகிறது. 45 வீதம் உப்பு அதே 50 கிராமில் 22 கிராமுக்கு மேல் தருகிறது. சோடியத்துக்கு அது தாராளம். மீதியில், நுண்சத்துக் கனியுப்புத் தூள் 5 வீதமும், வாசனைக்கும் சுவைக்குமாகத் தவிடு 10 வீதமும் சேர்த்தோம். செம்புக்கும் இதே முறைதான்: தீனியில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம், புல் பாதியைக் கொடுத்தாலும் மீதிப் பாதி அந்த 50 கிராம் கலவைக்குள் இருக்க வேண்டும், இரும்பு மிகுந்த நிலத்தில் அதைவிடக் கூடவும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் 50 கிராம் என்ற ஒரே எண்ணில் தொங்குகிறது. மாடு 15 கிராம்தான் தின்றது என்றால் எவ்வளவு விலையுயர்ந்த கலவையும் பயனற்றது. 150 கிராம் தின்றால் பணம் கரைவதோடு செம்பும் அளவு மீறும். ஆகவே நான் யாருக்காவது ஒரேயொரு ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால், தராசு ஒன்று வாங்குங்கள் என்பேன். 20 மாடு, 50 கிராம், ஏழு நாள் என்றால் கிழமைக்கு 7 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் 7 கிலோ நிறுத்து ஒதுக்கி, அதிலிருந்தே தொட்டிக்குப் போட்டு, அடுத்த ஞாயிறு மிச்சத்தை நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுவோம். முதல் பத்து நாள் உப்பு மட்டும் கொடுத்து அந்த வெறியைத் தணித்தோம். அப்படியிருந்தும் முதல் கிழமையில் 7 கிலோவும் மூன்று நாளில் தீர்ந்தது. பயப்படாமல், குடிநீர் எந்நேரமும் இருக்குமாறு மட்டும் பார்த்துக்கொண்டு, அளந்தே போட்டோம். ஐந்தாவது கிழமையில் 7 கிலோவுக்கு அருகில் வந்து நின்றது.

மழைதான் எங்களின் அடுத்த எதிரி. திறந்த தொட்டியில் வைத்த முதற் கலவை ஒரே இரவில் கஞ்சியாகி, மறுநாள் வெயிலில் சீமெந்துபோல் இறுகிவிட்டது. அதை நாக்கால் பெயர்க்க எந்த மாட்டாலும் முடியவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாவை நெடுக்காகப் பாதியாக வெட்டி, அடியில் துளையிட்டு, கன்றின் வாய்க்கும் எட்டும் உயரத்தில் மரக்காலில் பொருத்தி, மேலே தகரம் வேய்ந்தோம். தகரம் தொட்டியைவிட நான்கு பக்கமும் ஒரு முழமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும், சாரல் மழை நேராக விழுவதில்லை. ஒரு தடவைக்கு மூன்று நாளுக்கு மேற்பட்ட அளவை வைப்பதில்லை. ஒரே தொட்டி வைத்த காலத்தில், கொம்பு நீண்ட இரண்டு கிழட்டுப் பசுக்கள் அதை ஆண்டன. உண்மையில் தேவைப்பட்ட நாம்பன்கள் தூரத்தில் நின்றன. இரண்டாவது தொட்டியைப் பட்டி படுக்கும் நிழலின் மறுகோடியில் வைத்ததும் அது தீர்ந்தது. தொட்டியை நிழலுக்கும் தண்ணீருக்கும் அருகே நகர்த்தினால் தின்பது கூடும், தள்ளி வைத்தால் குறையும் என்பதால், கொப்பியிலுள்ள எண்ணைப் பார்த்தே இடத்தை மாற்றுகிறோம்.

2017 மார்ச்சில் அந்த எண் திடீரென்று விழுந்தது. 7 கிலோ வைத்தால் 5 கிலோ மிச்சம். கலவை கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்தோம், புதிதாகக் கலந்தோம், தவிட்டைக் கூட்டினோம், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு மாலை நான் அறிவிக்காமல் போனபோது, பெரியவர் மடியிலிருந்து கல்லுப்பை அள்ளி ஒவ்வொரு மாட்டுக்கும் கையில் நீட்டிக்கொண்டிருந்தார். தன் பணத்தில் வாங்கிய உப்பு. என்னைக் கண்டதும் சற்றுச் சங்கடப்பட்டு, "பட்டிக்கு வந்தோன்ன என் கைய நக்காம ஒண்ணும் படுக்காதுங்க மொதலாளி. சும்மா எப்படிங்க கைய நீட்டுறது?" என்றார். சோடியப் பசி அவர் கையிலேயே தீர்ந்துவிட்டால் தொட்டிப் பக்கம் போக மாட்டுக்குக் காரணமே இல்லை. கலவையை மாட்டின் வாய்க்குக் கொண்டுபோகும் வண்டி உப்புத்தான். அந்த உப்பு வேறு வழியில் கிடைக்கும் இடத்தில், அது உப்புப் போட்ட கழுநீராக இருந்தாலும், உவர்க் கிணறாக இருந்தாலும், கலவை தொட்டியிலேயே கிடக்கும். அவர் பாசத்தைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கல்லுப்புக்குப் பதிலாகக் கலவையையே ஒரு சிறிய பேணியில் கொடுத்து, அதே கையால் அதையே ஊட்டச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றிலிருந்து கணக்குச் சரியாகியது. அதைவிட, எந்த மாடு கைக்கு வரவில்லை என்று அவர் எனக்குச் சொல்லத் தொடங்கினார், அது நோயின் முதல் அறிகுறியாகப் பல தடவை இருந்திருக்கிறது.

செம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மயில்துத்தம் மலிவாகக் கிடைக்கிறது, அதில் கால்வாசி செம்பு, எனவே கையால் அள்ளிக் கலந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கி மாட்டைக் கொல்லும். செம்மறியாட்டுக்கு மாட்டின் கலவையே நஞ்சாகிவிடும். செலேனியத்தில் போதுமான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் குறுகியது. இந்த நுண்சத்துகளை நாமாகக் கலக்காமல், வீதம் அச்சிட்ட தயார்த் தூளாக வாங்கி, கூறிய அளவிலேயே, முதலில் தவிட்டோடும் பிறகு உப்போடும் படிப்படியாகக் கலக்க வேண்டும். யூரியா சேர்த்த கட்டிகளையும் நான் மழைத் தோட்டத்துக்குள் விடுவதில்லை. தண்ணீர் தேங்கி யூரியா கரைந்து, அதை ஒரு மாடு குடித்துவிட்டால், வைத்தியரை அழைக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

கலவைக்கு வெளியேயும் வழிகள் இருக்கின்றன, அவற்றை நான் தாமதமாகவே அறிந்தேன். அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் ஏறத்தாழ 1.5 வீதம், அதில் பெரும்பகுதி கோழிக்கும் பன்றிக்கும் எளிதில் பயன்படாத வடிவில் இருந்தாலும், மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரித்தெடுத்துவிடும். 300 கிராம் தவிடு 4 கிராமுக்கு மேல் பொஸ்பரஸைத் தருகிறது. சினைப் பசுக்களுக்கும் பால் மறந்த கன்றுகளுக்கும் இதைக் கொடுக்கிறோம், உமி கலந்த தவிட்டைக் கையில் தேய்த்துப் பார்த்துத் தள்ளிவிடுகிறோம். தவிட்டில் கல்சியம் மிகக் குறைவு; அதற்கு வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைத் தழை ஈடு செய்கிறது. புல்லையும் இடுப்பளவுக்கு விடுவதில்லை. தோட்டத்தை ஆறு கூறாகப் பிரித்து, பூக்கும் முன் மேயவிட்டு, அடுத்த கூறுக்கு நகர்த்துகிறோம். இளம் புல்லில் கிடைக்கும் பொஸ்பரஸுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அயடின் விடயத்தை 2018இல் பிறந்த ஒரு கன்று நினைவூட்டியது. மயிர் குறைந்து, தொண்டையில் கழலையோடு, எழுந்து நிற்க வலுவில்லாமல் பிறந்து இரண்டாம் நாள் இறந்தது. நமது தென்மேற்கு ஈரவலயம் மனிதருக்கே கழலை நோய் பரவியிருந்த பகுதி. அதனால்தான் 1995இல் உணவுக்கான உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. மாட்டுக்கென்று மலிவான சாதாரணக் கல்லுப்பை வாங்கிய நான் அந்த ஒரு வாய்ப்பையும் இழந்திருந்தேன். இப்போது அயடின் சேர்த்த உப்பையே வாங்கி, வெயிலும் மழையும் படாமல், மூடிய பீப்பாவில் வைக்கிறோம். கோபால்ட், நாகம் (சிங்க்) இரண்டும் தயார்த் தூளில் இருக்கின்றன. கோபால்ட் இல்லையேல் வயிற்று நுண்ணுயிர்களால் பி12 விட்டமினை ஆக்க முடியாது, தீனி நிறைந்திருந்தும் மாடு தின்ன மனமில்லாமல் வாடும்.

மாற்றம் தெரிய எவ்வளவு காலம் என்று பலர் கேட்கிறார்கள். சோடியத்துக்குக் கிழமைகள். துருவேறிய மயிர் திரும்பக் கறுப்பதில்லை. அது உதிர்ந்து, வேரிலிருந்து கறுப்பாக முளைக்கும் புது மயிரைத்தான் பார்க்க வேண்டும், எங்களுக்கு அது நாலாம் மாதத்தில் தோள்பட்டையில் தெரிந்தது. ஐந்து பசுக்களில் மூன்று அந்த ஆண்டுக்குள் சினைப்பட்டன; ஒன்று அடுத்த ஆண்டு; மற்றது கடைசி வரை சினைப்படவில்லை, அதன் குறை கனியுப்பு அல்ல என்று வைத்தியர் பின்னர் கண்டார். எலும்புக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. நொண்டியும், எலும்பில் மச்சை வற்றும்படி மெலிந்ததும் உழ்ஹிய்யாவுக்கு ஆகாது என்பது எங்கள் மார்க்கத்தில் தெளிவாகச் சொல்லப்பட்ட விதி. சிறு வயதிலிருந்து அதைக் கேட்டு வந்திருந்தும், மாட்டின் எலும்பை நான் உண்மையாக எண்ணிப் பார்த்தது அந்த நாம்பன் விழுந்த பிறகுதான்.

ஒவ்வோர் ஆண்டும் ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் பட்டி மாடுகள் அறுக்கப்படும்போது, மூன்று ஈரல்களில் துண்டு எடுத்து, மாட்டின் காதுத் தகட்டு எண்ணைப் பையில் எழுதி, பெருநாள் முடிந்த முதல் வேலை நாளில் அனுப்புகிறேன். பையில் எண் எழுதும் வேலை என் மகனுடையது. நானா ஒவ்வொன்றிலும் ஒரு விலாவை எடுத்து, முன்போல இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார். கடந்த பெருநாளில் மூன்றாவது விலாவை வளைக்க முடியாமல் எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினார், நானும் வளைத்துப் பார்த்தேன், அது வளையவில்லை.